கிருஷ்ணகிரிக்கு ஒரு கடல் நத்தையின் அடிப்பக்கம் பார்க்கப் போனது

கடல் நத்தை பார்க்கக் கிளம்புகிறவர்கள் பொதுவாக மண்டபம் பக்கம் போவார்கள், வசதி இருந்தால் லட்சத்தீவு போவார்கள். நான் தூத்துக்குடியில் பஸ் ஏறி ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர் வடக்கே போய்க் கிருஷ்ணகிரியில் இறங்கினேன். எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் வராத ஊர். இந்தத் தளத்தை முன்பே படித்தவர்களுக்கு என் புத்தி தெரியும் என்பதால் பெரிதாக ஆச்சரியப்பட மாட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை. லீவு நாட்களில் கடல் வற்றும் நேரம் பார்த்து, பாறை இடுக்கில் குனிந்து கிடந்து, ஓடில்லாத கடல் நத்தைகளைப் படம் எடுத்துப் பெயர் கண்டுபிடித்து இங்கே போடுவேன். கடலட்டை வேறு, இது வேறு. கடலட்டையைத் தொட்டாலே கேஸ். இது சாதாரண நத்தையின் சொந்தக்காரன், ஓட்டை மட்டும் எங்கோ கழற்றிப் போட்டுவிட்டு வந்தவன்.

பொங்கல் லீவு முடிந்த வாரம் கிருஷ்ணகிரியிலிருந்து அத்தான் ஒரு படம் அனுப்பினார். அத்தான் என்றால் என் அக்கா இசக்கியின் வீட்டுக்காரர், பெயர் குருசாமி. இருவருக்கும் சொந்த ஊர் எங்கள் பக்கம்தான். வேலைக்காகப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். வீட்டில் மூன்றடி நீளத்தில் ஒரு உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைத்திருக்கிறார்கள். "கடலட்டை மாதிரி ஒண்ணு தொட்டிக்குள்ள ஊருது மாப்ள, இது என்னன்னு சொல்லு" என்று படத்தோடு குரல் பதிவும் வந்தது. பார்த்ததும் ஆபீஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கறுப்பு உடம்பு. முதுகில் நீல வரப்புகள். வரப்பின் மேல் மஞ்சள் பொட்டுகள். தலையில் மஞ்சளாக இரண்டு கொம்பு. இத்தனை வருடம் பாறையில் முட்டி தேய்ந்தும் எனக்கு ஒரு தடவைகூடக் கண்ணில் படாத பிராணி.

"எவ்வளவு பெருசு?" என்று கேட்டேன். அன்றைக்கே பதில் வந்தது. அடுத்த நாள் அக்காவிடமிருந்து போன் வந்தது.

காலையில் எழுந்து பார்த்தால் தொட்டியில் இருந்த இறாலும், நீல டேம்சல் மீன் ஒன்றும் செத்துக் கிடந்தனவாம். மிச்சம் இருப்பது ஒரு ஜோடி கோமாளி மீன். அவையும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன என்றாள். "இவரு போர் தண்ணிய ஊத்தியிருக்காரு லே, கேட்டா இல்லங்காரு" என்று அவள் சொல்ல, பின்னாலிருந்து "இவ சாப்பாட்ட அள்ளிக் கொட்டுதா, அது அழுகி நாறுது" என்று அத்தான் சொல்ல, நான் போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன்.

இவர்கள் வாழ்க்கையைப் பற்றி இரண்டு வரி சொல்லாவிட்டால் இந்தச் சண்டை புரியாது. அக்காவுக்குப் போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி லைன் வேலை. அத்தானுக்கு ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில், வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதிக்கும் வேலை. ஒருவருக்குக் கிழக்கே முப்பது கிலோமீட்டர், மற்றவருக்கு வடமேற்கே ஐம்பது. நடுவில் கிருஷ்ணகிரியில் வாடகை வீடு. ஷிப்ட் மாறி மாறி வருவதால் சேர்ந்து சாப்பிடுவதே ஞாயிற்றுக்கிழமைதான். காலையில் மீனுக்குச் சாப்பாடு போடுவது அக்கா. ஆவியாகிப் போன தண்ணீருக்குப் பதில் நல்ல தண்ணீர் விட்டு மட்டம் சரிசெய்வது அத்தான். தண்ணீர் கோட்டில் நின்றால் அவர் வந்து போயிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஜோடி மீனுக்கு ஆறு வயது. பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை, நானும் இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

இப்போது நத்தை விஷயம். நான் சந்தேகப்பட்ட பிராணியின் பெயர் ஃபிலிடியா வேரிகோசா. பவளப்பாறைகளில் கடற்பஞ்சைத் தின்று வாழ்வது. தொந்தரவு செய்தால் உடம்பிலிருந்து ஒரு விஷச் சளியை விடும். கடலில் அது கரைந்து போய்விடும். தொட்டியில் எங்கே போகும்? மீனும் இறாலும் அதிலேயேதான் மூச்சு விட வேண்டும். ஆனால் இதே சட்டையைப் போட்டுக்கொண்டு இன்னும் ஒன்றிரண்டு நத்தைகளும், போதாக்குறைக்கு ஒரு தட்டைப் புழுவும் உலகத்தில் உண்டு. மேலிருந்து எடுத்த படத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பாதத்தின் நடுவில் நீளவாக்கில் ஒரு கறுப்புக் கோடு ஓடினால், மேலே நீல வரப்பும் மஞ்சள் கொம்பும் சேர்ந்திருந்தால், அதுதான் வேரிகோசா. புழுவாக இருந்தால் மீன் செத்ததற்கு அநேகமாக வேறு காரணம் தேட வேண்டும். அதாவது போர் தண்ணீரா, அள்ளிக் கொட்டிய சாப்பாடா என்ற வழக்கு மறுபடி தொடங்கும்.

சிக்கல் என்னவென்றால், அடிப்பக்கம் பார்க்கப் புரட்டினால் அது சளியை விடும். விட்டால் அந்த ஜோடி போய்விடும். "யாரும் தொடாதீங்க, நான் வர்றேன்" என்று சொன்னேன். அக்காவுக்காகப் போனேன் என்று எழுதினால் பாதி பொய். மீதிப் பாதி, எனக்கு அந்த நத்தையை உயிரோடு பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூர் போகும் தனியார் பஸ். படுக்கை கிடைக்கவில்லை, உட்காரும் சீட் எண்ணூற்று ஐம்பது ரூபாய். கையில் ஒரு பை, அதோடு பத்து லிட்டர் கேன் இரண்டு. கேனில் கடல் தண்ணீர். துறைமுகத்தை விட்டுத் தள்ளி, தெளிவாக இருக்கும் இடத்தில் எடுத்துத் துணியில் வடிகட்டியது. சாமான் அடுக்குகிற பையன் கேனை ஆட்டிப் பார்த்து, பதநீரா என்றான். கடல் தண்ணீர் என்றேன். கிளீனரைக் கூப்பிட்டு என்னைக் காட்டிவிட்டுப் போனான். மதுரை, கரூர், சேலம் எல்லாம் தூக்கத்தில் போயின. தொப்பூர் மலைப் பாதையில் பஸ் வளைந்தபோது மட்டும் கேன் உருளுகிறதா என்று காது கொடுத்தேன்.

கிருஷ்ணகிரியில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் சர்வீஸ் ரோட்டில் இறக்கிவிட்டார்கள். விடிந்தும் விடியாத நேரம். இந்தப் பயணத்தைப் போகிறவர்கள் ஜனவரியில் ஸ்வெட்டர் இல்லாமல் போக வேண்டாம். தூத்துக்குடியில் சொந்தமாக ஸ்வெட்டர் வைத்திருப்பவர்கள் குறைவு, நான் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நின்றேன். ஆட்டோக்காரர் ஒருவர் போனில் தெலுங்கில் யாரையோ திட்டிக்கொண்டே எனக்குத் தமிழில் கதவைத் திறந்தார். பழையபேட்டைக்கு நூறு ரூபாய். அதிகம்தான், பேரம் பேச வாய் நடுங்கியது.

"கேன்ல இன்னா சார், டீசலா? டீசல்னா ஏத்த மாட்டேன், வாசம் புடிச்சிக்கும்."

"கடல் தண்ணிங்க."

"குடிக்கவா?"

"மீனுக்கு."

கியரை மாற்றினார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, "எங்க தெருவு போர்ல புடிச்சா அதே உப்புதான் சார் வருது. அதுக்குப் போயி அவ்ளோ தூரத்துல இருந்து தூக்கினு வர்றீங்க. எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல" என்றார். சரியான கேள்விதான். கடல் உப்பு வேறு, போர் உப்பு வேறு என்று விளக்கத் தொடங்கி, வீடு வந்துவிட்டதால் பாதியில் நிறுத்தினேன்.

அக்கா வாசலிலேயே நின்றாள். அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். அத்தான் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டார். "வா லே, காப்பி அப்புறம், முதல்ல இதப் பாரு" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

தொட்டிக்குள் வலது மூலையில், புதிதாக வைத்த ஒரு கல்லின் மேல் அது உட்கார்ந்திருந்தது. அசையவில்லை. ஆள்காட்டி விரலின் பாதி நீளம் இருக்கும். படத்தில் இருந்ததைவிட நீலம் வெளிறியிருந்தது. கறுப்பு கறுகறுவென்று இருந்தது. நான் முட்டி போட்டு மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை. என் கடலில் எனக்குக் காட்டாததை மாங்காய் ஊரில் ஒரு வாடகை வீட்டில் காட்டிவிட்டதே என்று கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. கோமாளி மீன் இரண்டும் எதிர் மூலையில் ஹீட்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தன. இந்தக் குளிருக்கு இங்கே தொட்டிக்கு ஹீட்டர் போட வேண்டியிருக்கிறது.

"இதுதான் கொன்னுச்சா?" என்று அக்கா கேட்டாள்.

"அடியப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

"அப்ப புரட்டு."

"புரட்டக் கூடாது. அதுவா கண்ணாடியில ஏறணும். ஏறுனா நாம இந்தப் பக்கம் இருந்தே அடிய பாத்துரலாம்."

"எப்ப ஏறும்?"

தெரியாது என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. லைனில் ஒவ்வொரு பீஸுக்கும் இத்தனை நொடி என்று வேலை செய்கிறவளிடம் நத்தை எப்போது ஏறும் என்று தெரியாது என்றால் எப்படிப் பிடிக்கும்? ஸ்டூலைப் போட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். இட்லி வந்தது, போனது. நத்தை உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. பயணக் கட்டுரை எழுதுகிறவனுக்கு இது சங்கடமான நேரம், எழுத ஒன்றுமே இல்லை.

சளி விட்டால் உடனே செய்ய வேண்டிய காரியத்துக்குச் சாமான் தேவைப்பட்டது. தண்ணீரில் பாதியை மாற்ற வேண்டும், மீதியை வடிகட்டக் கரி போட வேண்டும். நான் கொண்டுவந்த இருபது லிட்டர் போதாது. தொட்டிக்கான உப்பும் கரியும் ஓசூரில் கிடைக்கும் என்று அக்கா சொன்னாள். அத்தானுக்கு இரண்டரைக்கு ஷிப்ட் முடியும், அவரோடு சேர்ந்து வாங்கி வந்துவிடலாம் என்று கிளம்பினேன். "அது ஏறுனா போட்டோ எடு. தொட்டிக்குள்ள மட்டும் கைய விடாத" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ். சூளகிரி வழியாக ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் ஐம்பது ரூபாய்க்குள். இடது பக்க ஜன்னல் வேண்டாம், வெயில். வழியெல்லாம் மொட்டைப் பாறைக் குன்றுகள், அவற்றுக்குக் கீழே மாந்தோப்புகள். சீசன் இல்லாததால் மாங்கூழ் ஆலைகள் சும்மா கிடந்தன. சூளகிரி தாண்டியதும் ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள், அப்புறம் லாரிகள், லாரிகள், லாரிகள். தொரப்பள்ளிக்குப் பிரியும் இடத்தில் ஒரு குடும்பம் மூன்று மொழியில் இறங்கியது. அம்மா கன்னடத்தில் அதட்ட, பிள்ளைகள் தமிழில் பதில் சொல்ல, அப்பா கண்டக்டரிடம் தெலுங்கில் சில்லறை கேட்டார். யாருக்கும் குழப்பம் இல்லை, எனக்குத்தான்.

அத்தான் பஸ் நிலையத்துக்கே கம்பெனிச் சட்டையோடு வந்துவிட்டார். கடையில் உப்புப் பை, கரி, ஒரு சின்ன ஏர் பம்ப் வாங்கினோம். எதையும் திருப்பிப் பார்க்காமலே வாங்கினார். சாதாரணமாக இவர் ஒரு ஸ்க்ரூ வாங்கினாலும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர். திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்து, டிக்கெட் எடுத்து, சிப்காட் தாண்டிய பிறகு வாயைத் திறந்தார்.

"மாப்ள, நீ சைஸ் கேட்டல்லா."

"ஆமா. நாப்பத்திரெண்டு புள்ளி ஒண்ணு ஆறு மில்லிமீட்டர்னு அனுப்பினீங்களே." சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. நத்தையை யாரும் புள்ளி வைத்துச் சொல்ல மாட்டார்கள். எங்கள் வட்டாரத்தில் எல்லாரும் 'நாலு சென்டிமீட்டர் இருக்கும்' என்றுதான் எழுதுவோம். "எப்படி அளந்தீங்க?"

"வெர்னியர் காலிப்பர் வச்சுத்தான். வேற எப்படி அளக்க?"

"தண்ணிக்குள்ளயா?"

"வெளிய எடுத்து. கையில வச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரு ரீடிங் போதாது மாப்ள. மூணு எடுக்கணும். முதல்ல நாப்பத்திரெண்டு வந்துது. ரெண்டாவது முப்பத்தேழு. மூணாவது முப்பத்தொண்ணு. சுருங்கிக்கிட்டே போவுது. சரி, எனக்குத்தான் பிடிக்கத் தெரியலன்னு மறுபடி முதல்ல இருந்து எடுத்தேன். முதல் ரீடிங்கத்தான் உனக்கு அனுப்புனேன்."

"அப்புறம் தொட்டியில விட்டுட்டீங்க."

"விட்டுட்டேன். கையெல்லாம் ஒரு வாடை. சோப்புப் போட்டுக் கழுவியும் போவல. அன்னைக்கு ஷிப்ட்ல டீ கிளாஸத் தூக்குனாலும் அந்த வாடைதான். மறுநாள் அவ கூப்பிட்டு இறால் செத்துக் கெடக்குன்னா." டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே, "அவ சாப்பாடு கூடப் போட்டுட்டான்னு நான் சொன்னது, அது நெசமாவும் இருக்கும்னு நெனச்சித்தான் சொன்னேன். இருக்கணும்னும் நெனச்சேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் கடல் நத்தையைத் துன்புறுத்தியிருப்பார்கள். மூன்று ரீடிங் ஒத்து வரவில்லை என்று திரும்ப முதலிலிருந்து அளந்து துன்புறுத்தியவர் என் அத்தான் ஒருவராகத்தான் இருப்பார். இரும்பு அப்படிச் சுருங்காது, பாவம், அவர் இருபது வருடமாக இரும்பைத்தான் அளக்கிறார். அளவு கேட்டது நான். அதையும் யோசித்துக்கொண்டே சூளகிரி வரை வந்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே அக்கா, "செருப்ப மெல்லக் கழட்டுங்க" என்றாள். ஸ்டூலில் அதே இடத்தில் இருந்தாள். நான் போன பிறகு எழுந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன், காலை மட்டும் இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்திருந்தாள். நாள் முழுக்க நின்று வேலை செய்து அவளுக்குக் காலில் நரம்பு சுருண்டிருக்கிறது.

நத்தை கண்ணாடியில் ஏறியிருந்தது.

மூன்று பேரும் குனிந்தோம். வெளிறிய சாம்பல் நிறப் பாதம் கண்ணாடியில் ஒட்டி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலை அலையாக நகர்ந்தது. பாவாடை மாதிரி விரிந்த ஓரத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் மெல்லிய இதழ்களாகச் செவுள். புழுவுக்கு அது கிடையாது. பாதத்தின் நடுவில், முன்னாலிருந்து பின்னால் வரை, பேனாவால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு.

"வேரிகோசா" என்றேன்.

"என்னது?"

"அதோட பேரு. முதுகுல இருக்க வரப்பெல்லாம் பொடச்ச நரம்பு மாதிரி இருக்குன்னு வச்ச பேரு. உன் காலப் பாத்து டாக்டர் என்ன சொன்னாரு, வெரிகோஸ் வெயின். அதே சங்கதிதான்."

அக்கா தன் காலைப் பார்த்தாள், நத்தையைப் பார்த்தாள். "நின்னு நின்னு எனக்கு வந்துச்சு. இதுக்கு எதுக்கு வந்துச்சு?" என்றாள். பிறகு, "அப்ப மீனக் கொன்னது இதுதானா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறக்குமுன் அத்தான், "அது சும்மாத்தான் இருந்துச்சு இசக்கி. நான்தான் எடுத்து அளந்தேன்" என்றார். பஸ்ஸில் என்னிடம் சொன்ன எல்லாவற்றையும், மூன்று ரீடிங்கையும் சேர்த்து, நின்றபடி சொன்னார்.

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றுதான். "சாப்பாடு கூடப் போச்சுன்னு சொன்னீங்களே. ரெண்டு நாளா நான் அதுகளுக்கு ஒண்ணும் போடல, தெரியுமா?"

அத்தானுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவர் பார்ப்பது தண்ணீர் மட்டத்தை. அக்கா எழுந்து போய் மீன் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். "நீங்களே போடுங்க. எவ்வளவுன்னு நான் சொல்லுதேன்" என்றாள். போகிற போக்கில் என் பக்கமும் திரும்பி, "சைஸ் கேட்டானாம் சைஸு" என்றாள்.

நத்தையை வெளியே எடுத்தது இருபது நிமிட வேலை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் அதன் கீழே பிடித்து, பழைய பான் கார்டு ஒன்றால் கண்ணாடியை ஒட்டி மெல்லத் தள்ளி, அது இருந்த தண்ணீரோடு உள்ளே விழவைத்தோம். யார் விரலும் படவில்லை. சளி விட்டதா என்று தெரியாததால் பாதித் தண்ணீரையும் மாற்றினோம், கரியும் போட்டோம். நான் கொண்டுவந்த கடல் தண்ணீரைப் புது பக்கெட்டில் ஊற்றி, ஏர் பம்ப் வைத்து, நத்தையை அதில் விட்டோம்.

அதோடு வந்த கல்லையும் பக்கெட்டில் வைக்கத் தூக்கியபோதுதான் இன்னொன்று தெரிந்தது. கல்லின் அடியில் மஞ்சளாகக் கடற்பஞ்சு அப்பியிருந்தது. அத்தான் அதை மாநில எல்லை தாண்டி, பெங்களூர்ப் பக்கம் ஒரு ஆளிடம் செயற்கைக் கல் என்று வாங்கியிருக்கிறார். எடை, அகலம், உயரம் எல்லாம் பார்த்து வாங்கினாராம், மணலில் உட்காருகிற பக்கம்தானே என்று அடியைப் பார்க்கவில்லை. அது கடலிலிருந்து வெட்டிய பவளக்கல். அதை எடுப்பதும் விற்பதும் சட்டப்படிக் குற்றம், வாங்குவதும் நல்லதில்லை என்று சொன்னேன். "ஒரு நாளைக்கு எத்தன லாட்டு ரிஜெக்ட் பண்ணுதேன், இத எப்படி விட்டேன்" என்று கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோமாளி மீன் இரண்டும் ஹீட்டரை விட்டு வெளியே வந்து முன் கண்ணாடியில் நின்றன. அக்கா அளவு சொல்ல, அத்தான் போட்டார். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து பூரி சாப்பிட்டோம். கறிக்குழம்பு மதியத்துக்கு.

கிளம்பும்போது அக்கா பக்கெட்டைக் காட்டி, "இத நீ கொண்டுபோய் நம்ம கடல்ல விட்டுரேன் லே" என்றாள். ஒரு கேன் காலியாகத்தான் இருந்தது. எனக்கும் ஆசைதான். ஆனால் தொட்டியில் கிடந்த பிராணியைக் கடலில் விடக்கூடாது, தொட்டியில் ஒட்டிய நோயும் அதோடு போகும். எந்தக் கடலிலிருந்து வந்ததென்றே தெரியாத ஒன்றை எங்கே விடுவது என்ற கேள்வியும் இருக்கிறது. விளக்கிச் சொன்னேன்.

"அப்ப இங்கயே பொழைக்குமா?"

"அந்தக் கல்லுல இருக்க பஞ்சு தீர்ற வரைக்கும் பொழைக்கும். வேற எதையும் தின்னாது."

அவள் பக்கெட்டை நிழலான இடத்துக்கு நகர்த்தி வைத்தாள். நான் பகல் பஸ்ஸில் சேலம் வந்து, மாறி மாறி ஊர் வந்து சேர்ந்தேன். மொத்தச் செலவு சாமான் நீங்கலாக இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேல்.

இந்த மாதிரிப் பயணம் யாரும் திட்டமிட்டுப் போக மாட்டார்கள் என்றாலும், உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன். கடல் கல் என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். செயற்கைக் கல் என்றாலும் அடியைத் திருப்பிப் பாருங்கள். தெரியாத பிராணி தொட்டியில் ஊர்ந்தால் தொடாதீர்கள், அது கண்ணாடியில் ஏறும்வரை காத்திருந்து மேலும் கீழும் படம் எடுங்கள். கறுப்பு, நீலம், மஞ்சள் சேர்ந்து இருந்தால் கரி வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பெரிசு என்று என்னைப் போல யாராவது கேட்டால், கண்ணாடிக்கு வெளியே ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து அனுப்புங்கள். அது போதும்.

இதை எழுதி முடித்துப் போடலாம் என்று இருந்தபோது அக்கா போன் செய்தாள். கல்லில் மஞ்சள் தீர்ந்து சில நாள் ஆயிற்றாம். காலையில் பார்த்தால் நத்தை பக்கெட்டின் அடியில் அசையாமல் கிடந்ததாம். மீன் இரண்டும் நன்றாக இருக்கின்றன என்றாள். சாப்பாடு இப்போது அவர் போடுகிறாராம், தண்ணீர் மட்டம் அவள் பார்க்கிறாளாம்.

அந்தப் பக்கம் அத்தான் ஏதோ சொல்வது கேட்டது. அக்கா கொஞ்சம் தயங்கி, "வெர்னியர கையில வச்சிட்டு நிக்காரு லே. உனக்கு சைஸ் வேணுமான்னு கேக்காரு. இப்ப அளந்தா மூணு ரீடிங்கும் ஒண்ணு போல வரும்ங்காரு" என்றாள்.

"வேண்டாம்னு சொல்லுக்கா" என்றேன்.